அக்காவுக்குச் சொல்ல வைத்திருந்த ஜெர்மன் கதை

ஜெர்மனியில் என் மகன் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி தொங்கியது. எங்கள் பாளையங்கோட்டை வீட்டுக் கட்டில் அளவு இருக்கும். அதில் தமிழ் வராது. பேத்தியைப் பார்க்கப் போன நானும் என் மனைவியும் தினமும் மத்தியானம் அதன் முன்னால் உட்கார்ந்து, ஒரு வார்த்தை விளங்காத நாடகம் ஒன்றைப் பார்த்தோம். நான் சிரித்துச் சிரித்துப் பார்த்த அந்த நாட்களில் பாதியை என் அக்கா உயிரோடு இல்லாத நாட்கள் என்றுதான் இப்போது எண்ணிக்கொள்கிறேன். அந்த வீட்டில் அது தெரியாதவன் நான் ஒருவன்தான்.

நாடகத்தில் ஒரு பெரிய பண்ணை வீடு, ஒரு மொட்டைத் தலைக் கிழவர், அவர் சொத்துக்கு அடித்துக்கொள்ளும் இரண்டு மருமகள்கள். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டேன். கிழவருக்குச் சம்முவம் என்று பெயர் வைத்தேன். மூத்த மருமகளுக்கு எங்கள் தெருக்காரி ஒருத்தியின் பெயர். நாடகம் முடிந்ததும் மனைவியின் போனில் அக்காவைக் கூப்பிட்டு, பாதி பார்த்ததும் பாதி என் சரக்குமாகக் கதை சொல்வேன். என் போன் அங்கே வேலை செய்யாது. அக்கா உம் கொட்டிக் கேட்பாள். "ஏலே, அந்த மொட்டை எழுதிக் குடுத்துட்டானா? பைய சொல்லு, எனக்கு இங்கன ஒரு சோலியும் இல்ல" என்பாள். நான் அளப்பது அவளுக்குத் தெரியாமலா இருக்கும்! தம்பி பேசினால் போதும் அவளுக்கு.

பேத்திக்குப் பெயர் சூட்டுவதற்கு முந்தின நாள், அக்கா போனைத் தாமிரபரணியில் போட்டுவிட்டாள் என்றாள் மனைவி. குளிக்கப் போன இடத்தில் விழுந்துவிட்டதாம். சரி, புதுசு வாங்கட்டும், அதுவரைக்கும் கதையைச் சேர்த்து வைப்போம் என்று நாடகத்தை இன்னும் கவனமாகப் பார்த்தேன். பக்கத்தில் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பாஷை தெரியாத நாடகத்துக்கு அழுத ஒரே திருநெல்வேலிக்காரி நீதான் என்று கேலி செய்தேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். மறுநாள் பேத்தியை மடியில் வைத்து அவள் காதில் பெயரைச் சொன்னேன். மனைவி மட்டும் முட்டு வலிக்கிறது என்று கடைசி வரை தள்ளியே நின்றாள்.

ஊருக்குக் கிளம்பிய அன்று, விமான நிலையம் போகும் காரில் மகன் சொன்னான். அத்தைக்கு மாரடைப்பாம், பெயர் சூட்டுவதற்கு முந்தின நாளே போய்விட்டாளாம். உங்களால் தாங்க முடியாது என்றுதான் சொல்லவில்லை என்றான். அந்த அத்தை வீட்டில் தின்று, அந்த அத்தை வீட்டில் உறங்கித்தான் அவன் கல்லூரிப் படிப்பு முழுவதையும் படித்தான். நான் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. மனைவியிடம்தான் கேட்டேன்.

"கேள்விப்பட்டாத்தான தீட்டு? ஒங்களுக்குத் தெரியாதுல்லா. அதான் புள்ளைக்கு நீங்களே பேரு வைக்கட்டும்னு இருந்துட்டோம்" என்றாள்.

சாஸ்திரப்படி அது சரிதான். அந்தச் சரியைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண் செத்தால், பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். அதைப் போர்த்திய பிறகுதான் தூக்குவார்கள். அப்பா அம்மா போன பிறகு அக்காவுக்குப் பிறந்த வீடு என்றால் நான் ஒருவன்தான்.

திருநெல்வேலி வந்து இறங்கியதும் பெட்டியைக்கூட வீட்டில் வைக்காமல் அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டார். காப்பி வந்தது. அழவும் இல்லை, திட்டவும் இல்லை.

"எடுக்குத நேரம் வர கோடிக்குக் காத்துக் கெடந்தோம். நீரு வர முடியாதுன்னாலும் யாருகிட்டயாவது சொல்லி விடுவீருன்னு நெனச்சோம். அந்நேரத்துலதான் ஒம்ம சம்பந்தி வீட்டுல இருந்து போட்டோ வந்துது. புள்ளைய மடியில வச்சிக்கிட்டு நல்லா சிரிச்சிருந்தீரு, மாப்ளே."

எனக்குத் தெரியாது அத்தான், என்னிடம் யாரும் சொல்லவில்லை என்றேன்.

"ஒம்ம மவன் ஒம்மகிட்ட அன்னைக்கே சொல்லிட்டேன்னானே வே" என்றார். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர்தான் ஒரு சேலை வாங்கி வந்து போர்த்தினாராம். அதை அக்கா மகள் வாசல் வரை வந்து சொன்னாள்.

மகன் வாரம் தவறாமல் பேசுகிறான். பேத்தியைக் காட்டுகிறான், நானும் பார்க்கிறேன். போன மாதம் அக்கா பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண்ணைப் பெற்றவளுக்குத் தாய்மாமன் நான். தாய்மாமன் வீட்டுக்கு முதல் பாக்கு வைத்து நேரில் அழைப்பதுதான் எங்களில் முறை. அவர்கள் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஆட்டோவில் ஏறினால் வெற்றிலை போட்டுத் துப்புவதற்குள் வந்துவிடலாம். எனக்குப் பத்திரிகை தபாலில் வந்தது.