‘வெளியேறு’ என்ற பட்டன்

என் கணவர் கட்டாருக்குப் புறப்பட்ட அன்று வேன்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டே நின்றார். அந்த அவசரத்தில் என் மனிசன் வேன் ஜன்னலால் தலையை நீட்டி, “சரி புள்ள, போறன்” என்று சொல்லிவிட்டார். எங்கள் சாய்ந்தமருதில் கடைக்குப் போகிறவர்கூட “பெய்த்து வாறன்” என்றுதான் சொல்லுவார். போய்விட்டு வருகிறேன் என்பதை நாங்கள் அப்படித்தான் கதைப்போம். வராமலே போய்விடுவாரோ என்ற பயம் அன்றைக்கு என் நெஞ்சில் ஏறியது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

சில மாதம் கழித்து இரண்டு பேருக்குமாக ஒரு கேம் வாங்கினார். கடற்கரையில் நிலம் பிடித்து, வீடு கட்டி, தோணி விட்டு, சேர்ந்து விளையாடுவது. ஏர்லி அக்சஸ் என்றார். செய்து முடிக்க முதலே விற்கிறார்களாம்.

“உங்களுக்கென்ன விசரா? முடியாத சாமான ஆரும் வாங்குவாங்களா?”

“நம்மட ஊடு முடிஞ்சா இருக்கு? மேல்மாடிக் கம்பி வானத்தப் பார்த்துத்தானே நிக்குது. நாம குடியிருக்கல்லையா?”

உம்மா எனக்குச் சீதனமாகத் தந்த வீட்டை இழுத்துவிட்டார்.

“இப்ப வாங்கினா மலிவு புள்ள. நாம சொல்றதையும் கேப்பாங்க.”

வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. அங்கே அவர் ஜும்ஆத் தொழுகை முடிந்து வர, இங்கே நான் அஸர் தொழுதுவிட்டு லேப்டொப்பைத் திறப்பேன். போனில் கதைத்தபடியே விளையாடுவோம். மாடு கூரையில் ஏறி நிற்கும். தோணி மணலில் ஓடும். இரண்டு பேரும் வயிறு நோகச் சிரிப்போம். ஆனால் ஒருநாள் ஒரு அப்டேட் வந்து, நாங்கள் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டையே அழித்துவிட்டது. அழுதேன். “கேமுக்கா அழுறாய்?” என்று உம்மா கேட்டார். அடுத்த வெள்ளி திரும்பக் கட்டினோம். இந்தமுறை கடலைப் பார்த்துச் சமைக்கிற மாதிரிக் குசினி ஒன்று வைத்துத் தந்தார்.

பிறகு கேமில் தமிழும் வந்தது, மெஷின் தமிழ். அவர் மூடிவிட்டுப் போகும்போதெல்லாம் அவர் அழுத்திய பட்டனின் சொல் என் திரையில் விழும்: ‘வெளியேறு’. ஆர் ஆரை வெளியேறச் சொல்கிறது? ஒவ்வொரு வெள்ளியும் நானே அவரை வீட்டை விட்டுத் துரத்துகிற மாதிரி இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. கேம் செய்பவர்களின் பொதுப் பக்கத்தில் தெரிந்த இங்கிலீசில் எழுதினேன்: எங்கள் ஊரில் விடைபெறும்போது சொல்வது ‘பெய்த்து வாறன்’, அதைப் போடுங்கள். எங்கிருந்தோ இன்னொரு தமிழ் ஆள் வந்து, அது எழுத்துப்பிழை என்று பாடம் எடுத்தார். கொதித்துவிட்டது எனக்கு. பிழையில்லை, அது என்ர ஊர் என்று ஒரு பக்கத்துக்கு எழுதினேன். செய்பவர்களிடமிருந்து பதிலே இல்லை.

ஒரு மாதம் கழித்து அப்டேட்டும் அறிவித்தலும் ஒன்றாக வந்தன. காசு தீர்ந்துவிட்டதாம், இனிச் செய்யமாட்டார்களாம், வருகிற வெள்ளியோடு எல்லாம் மூடப்படுமாம். கடைசியாகச் செய்த திருத்தங்களின் பட்டியலில் என் சொல்லும் இருந்தது, ஒரு எழுத்தும் குறையாமல். முடிந்த கேம் என்றால் என்னை ஆர் கணக்கெடுத்திருப்பார்கள்? முடிந்த கேம் என்றால் இப்படி நடுவில் கைவிட்டிருக்கவும் மாட்டார்கள். எதற்குச் சந்தோசப்படுவது, எதற்கு ஏசுவது என்று தெரியாமல் இருந்தேன்.

அந்த வெள்ளி, கேமில் பாதியில் நின்றுபோன இறங்குதுறையில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம்.

“மொதல்ல நீங்க போங்க,” என்றேன்.

“ஏன் புள்ள?”

“அண்டைக்கு வேன்ல போகக்குள்ள ‘போறன்’ எண்டீங்க.”

“நானா? அப்படியா சொன்னன்?”

“ஓம். ரெண்டு வருசமா அத நெஞ்சுக்குள்ள வெச்சிட்டிருக்கன்.”

இறங்குதுறையில் அவர் உருவம் எழும்பி நின்றது, மறைந்தது. என் திரையில் எழுத்து விழுந்தது: ‘பெய்த்து வாறன்’.

போனை அவர் வைக்கவில்லை. “புள்ள,” என்றார். “வாயாலயும் சொல்றன். பெய்த்து வாறன்.”

“ஓம், வாங்க,” என்றேன்.