வறட்டிச் சுவருக்கு ஒரு கட்சி

பிள்ளைகளா, உங்கள் அம்மாவும் நானும் தஞ்சாவூரில் முதலில் குடியிருந்த சந்து எது என்று உங்களுக்குக் காட்டியதில்லை. இப்போது போனாலும் அங்கே காட்ட ஒன்றும் இல்லை. அதனால் எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவன் எழுத்து. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊரில் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட வருஷம், மிராசுதார்கள் அறுவடைக்கு வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். எங்களுக்கு வயலில் வேலை போயிற்று. கல்யாணமான மூன்றாம் மாதம் தஞ்சாவூருக்கு மூட்டை தூக்க வந்தேன். கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் வீடு. அந்தச் சந்துக்குள் ரிக்‌ஷாக்காரர் சவாரி வரமாட்டார். போலீஸ்காரர்கள் வந்தால் இரண்டு பேராக வருவார்கள். "யாரு கூப்பிட்டாலும் நிக்காதீங்க" என்று சொல்லித்தான் உங்கள் அம்மா தினமும் என்னை வேலைக்கு அனுப்புவாள்.

முதல் வாரமே ஒருவர் கூப்பிட்டார். கன்னத்தில் வெட்டுத் தழும்பு உள்ளவர், சந்தே பயப்படும் ஆள். காலை நேரம், சுவரைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றார்.

"யோவ் மூட்டக்காரரே, இங்க வாய்யா. இது யாருன்னு சொல்லு."

வழக்கில் பூட்டிக் கிடந்த ஒரு அரிசி ஆலையின் நீளச் சுவர் அது. அதில் ஒரு அக்கா வறட்டி தட்டி விற்றுப் பிழைத்தார். காய்ந்த வறட்டியைப் பெயர்த்தால் சுவரில் வட்டம் வட்டமாகக் கறை நிற்கும். அந்த வட்டங்களைச் சுற்றி அடுப்புக்கரியாலும் செங்கல் துண்டாலும் யாரோ கோடு போட்டிருந்தார்கள். ஒரு வட்டம் போலீஸ்காரர் தொப்பை. ஒன்று வண்டிச் சக்கரம். ஒன்று மிராசுதார் குடை. குடைக்கு எதிரே சேற்றில் நடவு நடும் பெண்கள். அவரைக் கொடியின் இலையைத் தேய்த்து நாற்றுக்குப் பச்சை ஏற்றியிருந்தது. எல்லாரும் குனிந்திருக்க, ஒருத்தி மட்டும் நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்துக் குடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதுவரை நான் படம் என்று பார்த்ததெல்லாம் கோயிலிலும் காலண்டரிலும்தான். எங்கள் வயலும் படத்தில் வரும் என்று நினைத்ததே இல்லை. வேலைக்கு நேரமாவதை மறந்து நின்றேன்.

"அத இல்லய்யா, இத பாரு." அவர் காட்டிய வட்டத்தில் ஒரு முகம், கன்னத்தில் செங்கல் கோடு.

"நீங்கதாண்ணே" என்றேன், பயந்துகொண்டே.

"மீச சரியா வரல. ஆனா நாந்தான்."

"ஒரு எடத்துல நிக்கிற ஆளா இருந்தா மீசயும் வந்திருக்கும்" என்று பின்னாலிருந்து குரல். சாணிக் கூடையோடு அக்கா, விரல் நுனியெல்லாம் கரி. வந்தவர் ஈரச் சாணியை உருட்டி நடவுப் பெண்கள் மேலேயே அறைந்தார்.

"அக்கா, படம் போகுதே."

"போவட்டும் தம்பி. பேத்தா வேற வட்டம், வேற படம்."

அதன்பிறகு வறட்டி பெயர்க்கும் நாளுக்குச் சந்தே காத்திருந்தது. இன்றைக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்க உங்கள் அம்மாவும் குடத்தோடு வந்து நிற்பாள். பயம் எப்போது போனது என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

அப்புறம் தேர்தல் வந்தது. முதலில் எந்தக் கட்சி மூலையில் தன் எழுத்தைப் போட்டு 'தேர்தல் முடியும் வரை' என்று எழுதுகிறதோ, சுவர் அதற்குச் சொந்தம். அடுத்தவன் தொட்டால் அடிதடி. நாளைக்கு நம் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வருகிறார்கள் என்று சேதி வந்தது.

"குடியிருந்த மனை மிராசுதாருதுன்னு ஊர்லேந்து கெளப்பி விட்டாங்க. இந்தச் செவுரும் போனா எங்க தட்டுறது, என் தலையிலயா?" என்றார் அக்கா. அன்று அவர் கூடையை இறக்கவே இல்லை.

"எவன் வர்றான்னு நான் பாத்துக்கறேன்க்கா" என்றார் தழும்புக்காரர்.

"நீ பாத்தா ரெண்டு பேரு ஆஸ்பத்திரிக்குப் போவான், நீ ஜெயிலுக்குப் போவ. செவுரு அப்பவும் அவங்களுதுதான்."

நான் மெல்லச் சொன்னேன்: "நாமளே முதல்ல எழுதிட்டா?"

"எந்தக் கட்சி பேர்ல?" என்றார் தழும்புக்காரர்.

உங்கள் அம்மாதான் சொன்னாள்: "இந்தச் செவுத்துக்கு உழைச்சது எருமைங்க. அதுங்க பேர்லயே எழுதுங்க." வெள்ளை வேட்டிக்கு வைத்திருந்த சலவை நீலத்தையும் அவளே கரைத்துக் கொடுத்தாள். தேங்காய் மட்டையை நசுக்கித் தூரிகையாக்கி, பெரிதாக 'எ.மு.க. – தேர்தல் முடியும் வரை' என்று எழுதினேன். எருமை முன்னேற்றக் கழகம்.

"கட்சின்னா சின்னம் வேணுமே. அத நீ வரை" என்று எழுத்துக்குப் பக்கத்து வட்டத்தைக் காட்டினார் அக்கா.

"எனக்கு எழுத்துதான் வரும்க்கா."

"அப்ப அது உனக்குன்னு கெடக்கட்டும்."

மறுநாள் ஆளுங்கட்சிக்காரர்கள் சுண்ணாம்பு வாளியோடு வந்தார்கள். நாங்கள் எதிர் டீக்கடையில் ஒன்றும் தெரியாதவர்கள் போல உட்கார்ந்திருந்தோம்.

"எ.மு.க.வா? இது யாருடா?"

"போன மாசம் பிரிஞ்சாங்களேண்ணே, அவங்களா இருக்கும்."

"நம்ம கூட்டணியா?"

"இன்னும் பேசிக்கிட்டு இருக்காங்களோ என்னவோ."

"அப்ப தொடாத. பெரியவங்களுக்குள்ள வம்பாயிரும்."

மத்தியானம் எதிர்க்கட்சிக்காரர்கள் வந்து, ஏறக்குறைய அதையே பேசிவிட்டுப் போனார்கள். தழும்புக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். அக்கா எழுந்து போய், எழுத்தையும் அதன் பக்கத்து வட்டத்தையும் மட்டும் விட்டுவிட்டு, சுவர் முழுக்க வறட்டி தட்டினார்.

தேர்தல் முடிந்தது. எங்கள் கட்சிக்கு வேட்பாளர் இல்லை, ஆனால் சுவர் மிஞ்சியது. அடுத்த நாள் விடிந்ததும், யாரும் எழுந்து வருமுன், அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். எனக்கென்று கிடந்த வட்டத்துக்கு இரண்டு கொம்பும் நான்கு காலும் ஒரு வாலும் போட்டேன். தள்ளி நின்று பார்த்தால் ஆடு மாதிரி இருந்தது. கிட்டே போய்க் கொம்பை இன்னும் கொஞ்சம் வளைத்துவிட்டேன்.