சுல்மாவின் இரண்டாவது கர்னல்

சுல்மா எத்செவெரிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற கணினியைச் சும்மா விட மாட்டாள். பைசாண்டூ நகரில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, சாயங்காலமானால் கையில் மாத்தே என்கிற மூலிகைத் தேநீர்க் குவளை, கக்கத்தில் வெந்நீர் ஃபிளாஸ்க், நேரே ரிபேரா கால்பந்துச் சங்கத்தின் மாடிக்கு ஏறிவிடுவாள். பேட்டை வானொலி அங்கேதான் நடக்கிறது. அதன் ஒரே கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றியவள் அவள். அதுவும் எப்படிப்பட்ட லினக்ஸ்? இந்த வருஷப் பதிப்பு, அடுத்த வருஷப் பதிப்பு என்ற பேச்சே கிடையாது. புதுசு வரவர அன்றன்றைக்கே இறங்கிக்கொண்டிருக்கும் ரகம். வானொலிக்கு இது சரிப்படுமா என்று யாராவது கேட்டால் போதும், வந்துவிடும் கோபம். "பழசக் கட்டிக்கிட்டு அழ என்னால ஆகாது" என்பாள்.

அந்த வாய்க்கு, புதுசு இறங்கிய கையோடு, இரண்டு தரம் அடி விழுந்தது. ஒரு ஞாயிறு பூசை ஒலிபரப்பின் நடுவில் திரை கறுத்துப்போயிற்று. இன்னொரு நாள் நகர மேயர் பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் அறுந்தது. அதற்கப்புறம்தான் சுல்மா இறங்கிவந்து இரண்டாவது கர்னலைப் போட்டாள். கணினியின் உறுப்புகளுக்கும் மற்ற நிரல்களுக்கும் நடுவில் நின்று வேலை வாங்குவது கர்னல். புத்தம்புதுக் கர்னலுக்குப் பக்கத்திலேயே, வருஷக்கணக்கில் பராமரிக்கப்படுகிற நீண்டகாலக் கர்னல் ஒன்றையும் வைத்தாள். அதற்குப் புது வசதி எதுவும் வராது. ஓட்டை உடைசலை அடைக்கிற திருத்தங்கள் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருக்கும். கணினியை எழுப்பும்போது எது வேண்டுமோ அதைத் தேர்ந்துகொள்ளலாம்.

ஆட்ட வர்ணனை சொல்லும் நெல்சன் பிதெகைன் விழுந்து விழுந்து சிரித்தான். "ஏம்மா, குடை பிடிச்சுக்கிட்டுக் குளிக்கப் போற ஆளா நீ?"

"சிரிப்பா, நல்லா சிரி. மழை உன் தலையிலதான் பெய்யும்."

வானொலியின் தலைவர் வாஷிங்டன் பின்டோஸ் சிரிக்கவில்லை. பெயர்தான் வாஷிங்டன், மனிதர் எதிர்த்தெரு மருந்துக் கடைக்காரர். வேறொரு கணினியை வாங்கிவந்து, பெட்டியைப் பிரிக்காமல் அறையின் மூலையில் வைத்துவிட்டார். "இன்னும் ஒரே ஒரு தடவை ஒலிபரப்பு நிக்கட்டும், சுல்மா. அன்னைக்கே அந்தப் பெட்டியப் பிரிச்சிடுவேன். உன் மெஷினும் வேணாம், நீ மெனக்கெடவும் வேணாம்."

அந்த மாடி அறை கையை விட்டுப் போனால் சாயங்காலங்களை என்ன செய்வதென்றே சுல்மாவுக்குத் தெரியாது. வீட்டுக்குப் போய் அன்று ராத்திரி அழுதாள்.

பிறகு ரிபேரா இறுதியாட்டத்துக்கு வந்தது. நம் ஆட்கள் இறுதியாட்டம் ஆடி எத்தனை காலம்! ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்கள், ஆற்றில் படகோட்டுபவர்கள் எல்லாருக்கும் இந்த வானொலிதான் கண். அன்று காலையில் இருப்புக்கொள்ளாமல் முதல் ஆளாக வந்தது நெல்சன். அப்டேட் வந்திருக்கிறது என்று திரை காட்டியது. நல்ல நாளும் அதுவுமாகப் புதுசாக இருக்கட்டுமே என்று தட்டிவிட்டான். கர்னலும் மாறியது. ஆனால் கணினியை அணைத்துப் போடவில்லை. பாட்டுகள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன.

பிற்பகலில் சுல்மா அலமாரியிலிருந்து, ஒலிவாங்கிகளை இணைக்கிற ஒலிக்கலவைப் பெட்டியை எடுத்தாள். ஆட்ட நாளில் மட்டும்தான் அதை எடுப்பார்கள். கணினியில் செருகினாள். ம்ஹூம், அசைவே இல்லை.

"என்னம்மா, மறுபடியுமா?" என்றார் வாஷிங்டன்.

சுல்மா இரண்டு வரி தட்டிப் பார்த்தாள். புரிந்துவிட்டது. ஓடிக்கொண்டிருப்பது நேற்றைய கர்னல்; புதுசு இறங்கியபோது பழையதன் துணைக்கோப்புகள் வழித்தெடுக்கப்பட்டுவிட்டன. ஏற்கெனவே செருகியிருப்பது ஓடும், புதிதாகச் செருகுவதை அது கண்டுகொள்ளாது. அந்த ரக லினக்ஸை வைத்திருக்கிற ஒவ்வொருவரும் ஒருமுறையாவது மாட்டிக்கொள்கிற தப்பு இது. நிமிர்ந்து பார்த்தாள். நெல்சனின் முகத்தில் ஈயாடவில்லை.

காட்டிக்கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. "அப்டேட்டுக்கு அப்புறம் அணைச்சுப் போடல. இப்பப் போட்டுடறேன்" என்றாள்.

"ஆட்டத்தன்னைக்கு அப்டேட் போடுவியா? உனக்குப் புத்தி கித்தி இருக்கா?" என்று எகிறினார் வாஷிங்டன்.

கணினி புதுக் கர்னலோடு எழுந்தது. கலவைப் பெட்டியின் விளக்கு எரிந்தது. நெல்சன் ஒலிவாங்கியில் "ஹலோ" என்றான். எண்ணெயில் தோர்த்தா ஃபிரீத்தா என்கிற பூரி பொரிகிற மாதிரி ஒரே சடசடப்பு. குரல் அதற்குள் முங்கிப்போயிற்று. ஜன்னலுக்குக் கீழே இரண்டு அணிகளும் மைதானத்தில் இறங்கிவிட்டன. வாஷிங்டன் சட்டைப் பையிலிருந்து கத்தியை எடுத்து மூலைப் பெட்டியின் ஒட்டுநாடாவில் வைத்தார்.

"கைய எடுங்க!" என்று கத்தினாள் சுல்மா. அந்தக் குரலை அதுவரை யாரும் கேட்டதில்லை. "நான் இன்னும் தோக்கல!"

கோளாறு புதுக் கர்னலில்தான் என்று பட்டது; மறுபடி அணைத்தாள். எழும்பும்போது பட்டியலில் இரண்டாவது வரிக்கு இறங்கித் தட்டினாள். நீண்டகாலக் கர்னல்.

நெல்சன் பயந்து பயந்து தொண்டையைச் செருமினான். எதிர்த்தெரு மருந்துக் கடை வானொலியில் அந்தச் செருமல் மணிமணியாகக் கேட்டது. கீழே கூட்டம் ஆர்ப்பரித்தது. நடுவர் ஊதினார்.

அப்புறம் ஒரு விக்கல்கூட இல்லை. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் நம் பையன் தலையால் முட்டினான் பாருங்கள், பந்து வலையைக் கிழிக்காத குறை! நெல்சன் மூச்சு தீரும்வரை "கோ...ல்!" என்று கூவினான். மூச்சு திரும்பியதும் ஊரே கேட்க இதையும் கூவினான்: "மக்களே! காலையில அப்டேட்டத் தட்டி மெஷினக் கெடுத்த மடையன் நான்தான்! நீங்க இந்தக் கோலைக் கேட்டது சுல்மாவால! சுல்மா எத்செவெரி!"

கீழே வானொலியும் கையுமாக நின்ற யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கத்த, மைதானமே பிடித்துக்கொண்டது. சுல்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வாஷிங்டன் கத்தியை மடக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, அவளுக்கு மாத்தே ஊற்றிக் கொடுத்தார்.

"கடிச்சுப் பேசிட்டேன், மனசுல வெச்சுக்காத. இப்ப இந்தப் பெட்டிய என்ன பண்றது?"

சுல்மா குவளையைச் சத்தம் வர உறிஞ்சி முடித்தாள்.

"பிரிங்க. அதுலயும் லினக்ஸ் போட்டுடறேன். ரெண்டு கர்னலோட."