சித்தப்பா பக்வாஸ் என்று சொன்ன படம்

பம்பாய் மாட்டுங்காவில் ஒரு தியேட்டரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் தமிழ்ப் படம் போடுவார்கள். பகல் காட்சிக்கு இந்திப் படம் தொடங்குவதற்குள் எங்கள் ராஜாவும் ராணியும் மந்திரவாதியும் சண்டை போட்டு முடித்து இடத்தைக் காலி செய்துவிட வேண்டும். தாராவியிலிருந்து நடந்தே போய்ப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். அறுபதுகளில் எனக்குத் தெரிந்த சொர்க்கம் அதுதான்.

ஆனால் சொர்க்கத்தில் நுழைய எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. முதல் ஞாயிறு ஆண்கள் பார்ப்பார்கள். பெண்களும் பிள்ளைகளும் பார்க்கலாம் என்று அவர்கள் சொன்னால் மறு ஞாயிறு நாங்கள் போகலாம். அப்பா தன் மளிகைக் கடையை விட்டு நகராத மனிதர். ஆகவே ஆண்கள் என்றால் சித்தப்பா மட்டும்தான். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, ஏனென்றால் மாயாஜாலப் படம் என்றால் சித்தப்பாவுக்கு உயிர். பார்த்துவிட்டு வந்தால் கால்கூடக் கழுவாமல் கட்டில் மேல் ஏறி நின்று, எலும்புக்கூடு எப்படி நடந்தது, பறக்கும் குதிரை எப்படி இறங்கியது என்று நடித்துக் காட்டுவார். அவர் வேண்டாம் என்று சொன்ன படம் அதுவரை ஒன்றுகூட இல்லை.

அந்தச் சமயத்தில்தான் நிழல் திருடும் மந்திரவாதியின் படம் வந்தது. மந்திரவாதி ஆட்களின் நிழலைப் பாயைப் போலச் சுருட்டிக் குடத்தில் அடைத்துவிடுவானாம். நிழல் போனவர் அப்படியே உயிரற்று விழுந்துவிடுவாராம். படம் பார்க்காமலே சால் என்று சொல்லும் எங்கள் வரிசை வீடுகளில் இருந்த பிள்ளைகளுக்கெல்லாம் பைத்தியம் பிடித்துவிட்டது. எங்கள் சந்தில் வெயிலே விழாது, நிழலும் விழாது. மந்திரவாதி ஏற்கெனவே வந்துவிட்டுப் போய்விட்டான் என்று அலறிக்கொண்டு பெரிய ரோட்டுக்கு ஓடி, எல்லாருக்கும் நிழல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்புவோம்.

முதல் ஞாயிறு சித்தப்பா போனார். நான் கட்டிலில் கிடந்த துணியையெல்லாம் எடுத்து வைத்து, அவர் ஏறி நிற்க இடம் செய்து காத்திருந்தேன். வந்தவர் காலைக் கழுவினார். துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"படமா அது? பக்வாஸ், சுத்தக் குப்ப. யாரும் போவ வேண்டாம்" என்றார். சொல்லிவிட்டு நேராகக் கடைக்குப் போய்விட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்வது! அடுத்த ஞாயிற்றோடு படப்பெட்டி மெட்ராஸுக்குத் திரும்பிவிடும். அப்பாவிடம் போய் அழுதேன். "சித்தப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பருப்பை நிறுத்துக்கொண்டே சொன்னார். அம்மாவிடம் போனேன். எப்போதும் சினிமாவுக்கு என் கட்சியில் இருக்கும் அம்மா அன்று வாயே திறக்கவில்லை. சித்தியிடம் போய்ப் பயனில்லை. முந்தின மழைக்காலத்தில் பிள்ளை பெற ஊருக்குப் போன சித்தி, பொங்கல் கழிந்து வெறுங்கையோடு திரும்பியிருந்தாள். பாப்பா எங்கே என்று நான் கேட்டபோது அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். அதோடு அந்த விஷயம் எனக்கு முடிந்துபோயிற்று. சித்தி அதன் பிறகு யாரோடும் அதிகம் பேசுவதில்லை. அடுப்பையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆக, சண்டையை நான் தனியாகத்தான் போட வேண்டியிருந்தது. படம் பார்த்தவர்களையெல்லாம் பிடித்துக் கருத்துக் கேட்டு, சித்தப்பா சொன்னது தப்பு என்று நிரூபித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

முதலில் தோல் பை பட்டறை வைத்திருந்த பாய் மாமாவிடம் போனேன். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். "படம் ஏக்தம் ஃபஸ்ட் கிளாஸுட்டி. ஆனா அந்த மந்திரவாதி போட்டிருக்கான் பாரு பூட்சு, அது மெஷின் தையலு. ராஜா காலத்துல ஏதுட்டி மெஷினு? நானா இருந்தா கையாலயே தச்சுக் குடுத்திருப்பேன்" என்றார். டிராம்பே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்த பக்கத்து வீட்டு அண்ணனுக்குச் சண்டைக் காட்சிகள் பிடித்திருந்தன. குகையில் வந்த புகை மட்டும் போதவில்லையாம், அவர் ஆலைப் புகையில் கால்வாசிகூட இல்லையாம். பள்ளிக்கூடத்து வாத்தியார், இதெல்லாம் மூடநம்பிக்கை, மாணவர்கள் பார்க்கவே கூடாது என்று கண்டித்தார். கண்டித்துவிட்டு, குடத்துக்குள் அடைபட்ட நிழல்கள் எப்படிக் கூச்சல் போட்டன என்று மணி அடிக்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இவ்வளவையும் ராத்திரிச் சாப்பாட்டில் எல்லார் முன்னாலும் ஒப்பித்துவிடுவேன். சித்தப்பா தட்டிலிருந்து தலை தூக்காமல், "அவங்களுக்கு என்ன தெரியும்" என்பார். அவர் தோற்றுக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு நன்றாகவே தெரிந்தது.

சனிக்கிழமை எனக்குப் பிரம்மாஸ்திரமே கிடைத்துவிட்டது. தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் குழாயடி அக்கா சொன்னாள். அந்த அக்காதான் குழாயடியில் வரிசையை ஒழுங்கு பண்ணுகிறவள். அவள் பேச்சுக்கு மறுபேச்சே கிடையாது. அன்று ராத்திரி முதல் கவளம் வாய்க்குப் போகுமுன்பே நான் ஆரம்பித்துவிட்டேன். "குழாயடி அக்கா அழுதே போயிட்டாளாம்! ராணியோட கைப்பிள்ள நிழல அவன் திருடிட்டானாம். பிள்ள செத்துக் கிடக்குதாம். ராணி மடியிலேயே போட்டுக்கிட்டு யாருக்கும் குடுக்க மாட்டேங்கிறாளாம். அப்புறம் கதாநாயகன் கொடத்த ஒடைச்சதும் நிழல் வந்து ஒட்டிக்கிட்டு, பிள்ளைக்கு உசுரு வந்துருச்சாம்! இதப் போயி பக்வாஸ்ங்கிறாரு சித்தப்பா!"

சித்தப்பா சோற்றில் வைத்த கையை உதறிவிட்டு எழுந்தார். சரியான அடி என்று எனக்கு ஒரே குஷி.

அப்போது அடுப்பங்கரையிலிருந்து சித்தி குரல் கேட்டது. "நான் பாக்கணும்."

"வேண்டாம்" என்றார் சித்தப்பா.

"நான் பாக்கணுங்க" என்றாள் சித்தி மறுபடியும். அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். அம்மா சித்தியைப் பார்த்தாள். என்னை யாரும் பார்க்கவில்லை. ஆனால் ஜெயித்தது நான்தான், சந்தேகமே இல்லை.

மறுநாள் அப்பாவைத் தவிர எல்லாரும் போனோம். பக்வாஸ் என்ற சித்தப்பாவே இரண்டாம் தடவை டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்ததை வழி நெடுகச் சொல்லிக் காட்டினேன். தியேட்டரில் அப்படி ஒரு கூட்டம்! மந்திரவாதி சிரித்தால் பிள்ளைகள் வீறிட்டன. கதாநாயகன் வாளை உருவினால் கூரை பிய்ந்துவிடும் போல விசில். நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்து என் நிழல் போய்விடாமல் காலை மடக்கிக்கொண்டிருந்தேன்.

ராணி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கதாநாயகன் குடத்தைத் தலைக்கு மேல் தூக்கினான். ஓரத்தில் இருந்த சித்தப்பா அந்த நேரம் பார்த்தா எழுந்து வர வேண்டும்! எங்கள் முழங்காலையெல்லாம் இடித்துக்கொண்டு வந்து, சித்திக்கு நேர் முன்னால் நின்றார். எனக்கும் சேர்த்துத் திரை மறைந்துவிட்டது.

"வா, வெளிய போயி ஒரு சோடா குடிச்சிட்டு வருவோம்" என்றார்.

பின்னால் இருந்தவர்கள் கத்தினார்கள். "யோவ், உக்காருய்யா!" "பைட் ஜாவோ!" யாரோ வேர்க்கடலைத் தோலை அள்ளி எறிந்தார்கள். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். மனிதர் அசையவில்லை.

"தள்ளுங்க" என்றாள் சித்தி. "நான் பாக்கணும்."

அவர் விலகி உட்காருவதற்குள் குடம் உடைந்து, ஜனங்கள் கைதட்டி முடித்து, கதாநாயகன் குதிரையில் ஏறிவிட்டான். ஒரு வாரம் பாடுபட்டு வந்து, பார்க்க வேண்டியதைப் பார்க்க முடியாமல் போயிற்றே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வெளியே வந்ததும் சித்தி ஒரு காரியம் செய்தாள். வீட்டிலேயே வாய் திறக்காதவள், கூட்டத்தில் குழாயடி அக்காவைத் தேடிப் பிடித்துக் கேட்டாள். "அக்கா, பிள்ள கண்ணு முழிச்சதும் யாரப் பாத்துச்சு?"

"யாரு கண்டா? நான் கண்ணத் தொடச்சிக்கிட்டுல்லா இருந்தேன்" என்றாள் அக்கா.

பாய் மாமாவும் அன்று மறுபடி வந்திருந்தார். அவரிடமும் கேட்டாள். அவர் யோசித்துவிட்டு, "பிள்ள மொகத்தக் காட்டவே இல்லையே தங்கச்சி. துணிதான் லேசா அசைஞ்சுது" என்றார்.

"பாய் பூட்சத்தான் பாத்திருப்பாரு" என்றார் சித்தப்பா சட்டென்று. பிறகு சித்தி பக்கம் திரும்பினார். "மொகத்தக் காட்டுனாங்க. நான் போன வாரமே பாத்தேன். கண்ணு முழிச்சதும் அம்மாவத்தான் பாத்துச்சு. பாத்துட்டுச் சிரிச்சுது."

பாய் மாமா அவரையே ஒரு நிமிஷம் பார்த்தார். "ஆமாமா, எனக்குத்தான் சரியா ஞாபகமில்ல" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்.

நான் விடுவேனா? சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். "அப்ப நல்ல படந்தான? ஒத்துக்கிடுங்க!"

"ஆமாட்டி. நல்ல படம்."

தாராவி வரைக்கும் ஓடினேன். சித்தப்பா ஒத்துக்கொண்டுவிட்டார், நல்ல படமாம், பிள்ளை அம்மாவைப் பார்த்துச் சிரித்ததாம் என்று சந்து முழுக்கக் கத்திச் சொன்னேன். சித்தியும் சித்தப்பாவும் வந்து சேர வெகு நேரம் ஆயிற்று. இவ்வளவு நல்ல சங்கதியைக் கையில் வைத்துக்கொண்டு, போன ஞாயிறே கட்டிலில் ஏறி நின்று சொல்லித் தொலைக்க அந்த மனுஷனுக்கு ஏன் தோன்றவில்லை என்பது மட்டும் எனக்கு அன்று விளங்கவே இல்லை.