பெருவிரல் இழுத்த கோடு: புதூரிலிருந்து பசுவந்தனைக்கு

அறுபதுகளின் தொடக்கத்தில், ஓர் ஐப்பசியில், நானும் அப்பாவும் புதூரிலிருந்து கோவில்பட்டி டாக்டரைப் பார்க்கப் போனோம். எனக்கு இருபத்துநான்கு வயது. சமதரையிலேயே கால் தடுக்கும். உட்கார்ந்து எழுந்தால் முழங்கால்கள் கட்டையாக விறைத்துக்கொள்ளும். வலி கிடையாது, கைகள் நன்றாகவே இருந்தன. அப்பாவின் நடையும் இதே நடைதான். ஆனால் அது சின்ன வயதில் மாட்டுவண்டியிலிருந்து விழுந்து வந்தது என்பார். பசுவந்தனையில் எனக்குப் பேசி வைத்திருந்த பெண் ரெபேக்காள். அவள் அப்பா, "குடும்பத்து நோயான்னு டாக்டர்ட்ட கேட்டுட்டு வாங்க. பொறவு பாதிரியார்ட்ட சொல்லி கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லுவோம்" என்று சொல்லியிருந்தார்.

விளாத்திகுளத்தில் பஸ் மாறும்போது படியில் தடுமாறினேன்.

"ஏலே, மதுவிலக்குல உனக்கு மட்டும் எங்கன கிடைச்சுது?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே ஈரக் கரிசல் கடலாக விரிந்து கிடந்தது. மேகத்தின் நிழல் பருத்திச் செடிகள் மேல் சத்தமில்லாமல் நடந்து போயிற்று. அது மட்டும் எப்படித் தடுக்காமல் நடக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

டாக்டர் சிறு சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினார், கால் எகிறியது. உள்ளங்காலில் கீறினார்; பெருவிரல் மேல்நோக்கி எழுந்தது. "தண்டுவட நரம்பு. அப்பாவுக்கும் இதுதான் என்றால் பரம்பரை. பிள்ளைகளுக்கு வரலாம், வராமலும் போகலாம்" என்றவர், அப்பாவைக் கட்டிலில் ஏறச் சொன்னார்.

"நான் நோயாளி இல்ல. வண்டியில விழுந்தவன்" என்று அப்பா வெளியே போய்விட்டார்.

பசுவந்தனை பஸ் பாதியில் நின்றது; ஓடையில் தண்ணீர். மீதி இரண்டு மைல் நடை. செருப்பில் கரிசல் அப்பியதால் கையில் எடுத்துக்கொண்டோம். மூச்சு வாங்க நின்றபோது அப்பா திரும்பிப் பார்த்தார். மஞ்சள் வெயிலில் இரண்டு வரிசைத் தடங்கள். ஒவ்வொரு தடத்தின் முன்னாலும் பெருவிரல் இழுத்த கோடு. எது என்னுடையது, எது அவருடையது என்று சொல்ல முடியவில்லை. வெகுநேரம் நின்றார். அப்புறம் நடந்தார்.

ரெபேக்காள் வீட்டு வாசலில் நான் வாய் திறக்குமுன் அப்பாவே சொன்னார்: "வண்டியும் இல்ல, கிண்டியும் இல்ல. எங்காலுதான் இவனுக்கும். பேரப்பிள்ளையளுக்கும் வந்தாலும் வரும்."

அவள் அப்பா எங்கள் இருவர் கால்களையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளேயிருந்து ரெபேக்காளின் குரல் வந்தது: "அப்பா, அவிய மறைக்காம சொல்லிட்டாவ. நிக்க வச்சே பேசுதீயளே, கால் விறைக்குமில்லா? உட்காரச் சொல்லுங்க."

எங்களைப் போன்ற கால்காரர்கள் அந்தப் பக்கம் போனால் பஸ்ஸில் முன்சீட் கேளுங்கள். எழுந்ததும் கம்பியைப் பிடித்துச் சற்று நின்று, பிறகு இறங்குங்கள். மூத்திரம் முட்டினால் அடக்க வராது, கிளம்பும்முன் போய்விடுங்கள். டாக்டரிடம் அப்பா அம்மாவையும் கூட்டிப் போங்கள். வரமாட்டேன் என்றால் மழை விட்ட மறுநாள் கரிசலில் நடக்க வையுங்கள்.

எங்கள் மகன் தடத்தில் கோடு உண்டு. மகள் தடத்தில் இல்லை. ரெபேக்காள் இரண்டுக்கும் நடுவில் நடப்பாள்.