வாசல்வரை வந்த மெக்கானிக்

வாஷிங் மெஷின் ரிப்பேரில் எனக்குப் பதினாறு வருட அனுபவம். சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்கிறவன். அப்பேர்ப்பட்ட மேதாவிக்கு நாலு மாதமாக ஒரு காலிங் பெல்லை அழுத்த முடியவில்லை. வாடிக்கையாளர் வீட்டு வாசலில் நிற்பேன். நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும். 'வீட்டில் ஆளில்லை' என்று சீட்டில் எழுதிவிட்டுத் திரும்பிவிடுவேன். ஆளோ ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"இன்னும் ஒரு புகார் வந்தா வேலையை விட்டுத் தூக்கிடுவாங்களாம். யாராவது டாக்டர்கிட்ட மனசு விட்டுப் பேசிட்டு வாங்க" என்றாள் மனைவி.

விசாரித்தேன். ஒரு மணி நேரம் பேசுவதற்கு அவர்கள் கேட்ட காசில் பழைய மெஷின் ஒன்றே வாங்கலாம். இன்சூரன்ஸ் இருக்கிறதா என்றார்கள். மெஷினுக்கு வாரண்டி உண்டு, மெக்கானிக்குக்கு ஏது?

கடைசியில், ஒரு கல்லூரியில் பயிற்சி மாணவர்கள் இலவசமாகக் கவுன்சலிங் தருகிறார்கள் என்று தெரிந்தது. படிவத்தில் 'உங்கள் பிரச்சினை என்ன?' என்றிருந்தது. பழக்க தோஷம். 'நடுக்கம் உண்டு. பாதியில் நின்றுவிடுகிறது' என்று எழுதிக் கொடுத்தேன்.

சொன்ன நாளில் போனால், அறைக்கதவு மூடியிருக்கிறது. பக்கத்தில் காலிங் பெல்! கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். வீட்டுக்கு வந்து, மனைவியிடம் "ஆளில்லை" என்றேன்.

"அப்படியா? அந்தக் கவுன்சலிங் பொண்ணு இப்பத்தான் போன் பண்ணுச்சு. வாசல்ல நிழல் தெரியுதேன்னு கதவைத் திறந்தா, சார் படியில இறங்கி ஓடிட்டிருந்தாராம். அடுத்த வாரம் கதவைத் திறந்தே வைக்குதாம்."

மானம் கப்பலேறிவிட்டது.

அடுத்த வாரம், கதவு மூடாமலிருக்க நாற்காலியை முட்டுக் கொடுத்து வைத்திருந்தாள். என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். என் படிவத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தவள், அவசரமாகத் திருப்பிக்கொண்டாள். படிவத்தைப் பார்த்துவிட்டு, வீடு வீடாக நான் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டாள்.

"எப்பலேருந்து சார் இப்படி?"

எல்லா வாடிக்கையாளரும் சொல்கிற ஒரு பொய் உண்டு. நானும் அதையே சொன்னேன். "நேத்துலேருந்துதாம்மா."

அவள் எழுதிக்கொள்ளவில்லை. பேசாமல் காத்திருந்தாள். நானும் அப்படித்தான் காத்திருப்பேன். உண்மை தானாக வெளியே வரும்.

"தம்பி செத்துப் போனதுலேருந்து" என்றேன். "ரெண்டு பேரும் சேர்ந்துதான் வேலைக்குப் போவோம். டூல்ஸ் பெட்டியை நான் தூக்கிட்டு வருவேன். முன்னாடி போய் பெல் அடிக்கிறது எப்பவும் அவன்தான்."

இலவசம்தானே என்று மிச்சமிருந்த நேரம் முழுக்க அழுது தீர்த்தேன்.