விரதக் குத்தம்

ஜெயலெட்சுமிக்கு வாய் நீளம் என்று சுங்கை பினாங் பிளாட்டில் சொல்லாத ஆள் இல்லை. இருக்கட்டுமே! அந்த வாய் இல்லாவிட்டால் அவள் அண்ணன் மகள் சாந்தினி கதி என்ன ஆகியிருக்கும்?

அண்ணன் மோகனராஜ் ஒரு தைப்பூசத்தன்று காவடியோடு தண்ணீர்மலை முருகன் கோயில் படியில் சுருண்டு விழுந்தான். அவ்வளவுதான், போய்விட்டான். ஒல்லி உடம்பு, சிகரெட்கூடத் தொடாதவன். சொந்தக்காரர்களுக்கு ஒரு காரணம் வேண்டுமே! "வீட்டுல விரதத்துக்குச் சுத்தம் பார்க்கல, சாமி குத்தம்" என்று பெரியப்பா ராமசாமி ஆரம்பித்து வைத்தார். பழி அண்ணி ருக்குமணி தலையில் விழுந்தது. பாவம், அன்றிலிருந்து எந்த நல்ல காரியத்திலும் அவள் முன்னால் வந்து நின்றதில்லை. கோயிலுக்கும் போவதில்லை.

இந்த வருஷம், பத்து காவான் ஊரில் அவள் வேலை பார்க்கும் பேக்டரியில் நடந்த மெடிக்கல் செக்கப்பில், ஜெயலெட்சுமிக்குக் கொலஸ்ட்ரால் எகிறி நின்றது. அப்பாவும் அண்ணனும் சின்ன வயசிலேயே போனதைக் கேட்டதும் டாக்டர் ஷாஹிரா மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார். கொலஸ்ட்ரால் சேர்ந்து இதயக் குழாயை அடைக்கும் பிறவிக் கோளாறு என்று முடிவு வந்தது. அப்பாவிடமிருந்து வந்திருக்க வேண்டும், அண்ணனையும் அதுதான் கொன்றிருக்கும் என்றார் டாக்டர். சாந்தினிக்கும் இருக்கலாம், முன்கூட்டியே தெரிந்தால் மருந்து இருக்கிறது, ஆறு மாசத்துக்கு ஒரு தரம் போடும் புது ஊசிகூட வந்துவிட்டது.

ஜெயலெட்சுமி நேரே அண்ணி வீட்டுக்குப் போனாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாந்தினியைப் பெண் பார்க்க வருகிறார்களாம். அதைப் பேசி முடிக்க வந்த பெரியப்பா கூடத்து நடுவில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் குதித்தார்.

"கல்யாணம் பேசுற வீட்டுல ரத்தம், டெஸ்ட்டுன்னு ஆரம்பிக்காத லா! மாப்பிள்ளை வீடு ஓடிரும்!"

"ஓடட்டும் பெரியப்பா! பிள்ளை உசுரோட இருந்தா வேற மாப்பிள்ளை வராமலா போயிரும்?"

"வேணாம் ஜெயா" என்றாள் ருக்குமணி. "எங்களுக்கு இருக்கிற கெட்ட பேரே போதும்."

ஜெயலெட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்ன கெட்ட பேரு அண்ணி? இது எங்க அப்பா வீட்டு ரத்தம். உங்க சமையல்கட்டுல இருந்து வரல. பெரியப்பா, நீங்களும் போய் டெஸ்ட் எடுங்க!"



"அப்ப விரதத்துல நான் ஒண்ணும் தப்புப் பண்ணலயா?" என்று ருக்குமணி மெல்லக் கேட்டாள்.

"ஒண்ணுமே பண்ணல அண்ணி."

ருக்குமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இத்தனை வருஷமாகத் தான் நிமிர்ந்தும் பார்க்காத பெரியப்பாவின் முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போடுங்க. பொண்ணுக்கு டெஸ்ட் எடுத்த பிறகு வரட்டும். ஏன்னு கேட்டா போனை எங்கிட்டக் குடுங்க. நானே சொல்றேன்."